இடது தோளில் ஒரு தடம்

படியில் கிடந்தவரை முதலில் பார்த்தது பூக்காரி ஜெயம்மா. பார்த்தும் அவள் கத்தவில்லை. அருள் இறங்கி மயங்கிக் கிடக்கிறார் என்று நினைத்தாள். ஆடிக் கிருத்திகையன்று மலைப்படிகளில் அப்படிப் பலர் கிடப்பார்கள். செம்பிலிருந்து நீரெடுத்து முகத்தில் தெளித்தாள். கண் திறக்கவில்லை. மோவாயைத் தொட்டுத் திருப்பினாள். உடம்போடு சம்பந்தமே இல்லாததுபோலத் தலை ஒரு பக்கம் சரிந்தது.

அப்புறம்தான் கத்தினாள்.

அது 1974. திருத்தணிக்கு அப்போதும் கூட்டம் வந்தது. ஆனால் பெரும்பாலும் நடந்து வந்த கூட்டம். ரயிலடியில் ஜட்கா வண்டிகள் நிற்கும். கடைகளில் விடியும்வரை பெட்ரோமாக்ஸ் இரையும். சரவணப் பொய்கையில் முழுகி எழுந்தவர்கள் ஈரம் சொட்டச் சொட்ட ஏற, கீழ்ப்படிகள் மஞ்சள் சேறாகிவிடும். மண்ணெண்ணெயும் அரளியும் ஈரத்துணியும் கலந்த அந்த வாசனை இன்றைக்கு அங்கே இல்லை.

காலை ஆறு மணி. கீழே பந்தோபஸ்தில் இருந்த சப்-இன்ஸ்பெக்டர் மணவாளன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பின்னால் கான்ஸ்டபிள் பங்காரு.

இறந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். குள்ளமான, சிவந்த உடம்பு. இடுப்பில் மஞ்சள் வேட்டி. இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் குறுக்காகக் கட்டிய மஞ்சள் துணி. காவடி பக்கத்துப் படியில் சாய்ந்து நின்றது.

"காவடியோட விழுந்திருக்காரு சார். கழுத்து போச்சு" என்றார் பங்காரு.

"விழுந்த காவடி நிற்குமா?"

"யாராச்சும் எடுத்து வெச்சிருப்பாங்க. காவடி தரையில கெடக்கக் கூடாதே."

மணவாளன் குனிந்தார். முகத்தில் மட்டும் நீர்த்துளிகள். வேட்டியைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்த துணி. பாதங்களைப் பார்த்தார். வெளுத்த, மிருதுவான உள்ளங்கால். அதில் ஒரு துளி மஞ்சள் சேறு இல்லை.

அந்தச் சமயம் ஒருவன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். "அண்ணா!" என்றான். பக்கத்தில் உட்காரப் போனவன் பாதியிலேயே நிமிர்ந்து நின்றுவிட்டான்.

அவன் பெயர் பரந்தாமன். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறிக் கூடம் வைத்திருப்பவன். இறந்தவர் அவனுடைய அண்ணன் வரதராஜன். இருபது வருஷம் மலேசியாவின் பினாங்கில் இருந்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன் மனைவியோடு ஊர் திரும்பியவர்.

"எப்படி வந்தீங்க?"

"நடந்துதான் சார். அம்மாவோட வேண்டுதல். அண்ணன் ஊர் திரும்பினா வீட்லேருந்து மலைக்கு வெறுங்கால்ல நடந்து வந்து காவடி எடுக்கணும்னு. ராத்திரி கெளம்பினோம். பொய்கையில முழுகிட்டு ஏறினோம். கும்பல்ல பிரிஞ்சிட்டோம்."

"அண்ணனும் முழுகினாரா?"

"ஆங். முழுகினாரு."

மணவாளன் காய்ந்த வேட்டியை இன்னொரு தடவை பார்த்தார்.

*

காலை ஒன்பது மணி. அரசு ஆஸ்பத்திரி.

டாக்டர் தேவகி கை கழுவிக்கொண்டே பேசினாள். "கழுத்தெலும்பு முறிஞ்சிருக்கு. அதுதான் காரணம். கீழ் முதுகிலும் ஓர் எலும்பு பிளந்திருக்கு. நடுவில் ஒன்றும் இல்லை."

"படியில் உருண்டால் இப்படி ஆகுமா?"

"உருண்டால் எப்படி வேண்டுமானாலும் உடையும்."

"முழங்கால், முழங்கை?"

அவள் துவாலையோடு நின்றாள். "சிராய்ப்பு இல்லை. நானும் பார்த்தேன்."

"வேறே காயம்?"

"காயம் என்று சொல்ல மாட்டேன். கழுத்தின் இடது பக்கம் ஒரு சிவப்புத் தடம். தோளில் இறங்கி மார்பில் குறுக்காகப் போகிறது. அடிவயிற்றில் இன்னொன்று, பட்டையாக. காவடிக்காரர்கள் குறுக்கே துணி கட்டுவார்கள், இடுப்பையும் இறுக்குவார்கள். காலையிலிருந்து இதே மாதிரி தடத்தோடு எத்தனையோ பேருக்கு மருந்து போட்டு அனுப்பினேன்."

மணவாளன் உள்ளே போய்ப் பார்த்தார். அவர் அம்மையார்குப்பத்துத் தறிவீட்டில் பிறந்தவர். துணியைப் பார்த்தால் கை தானாக அதன் ஓரத்தைத் தேடும். இங்கே தோலில் ஓரம் இருந்தது. இரண்டு பக்கமும் கத்தியால் கீறியது போன்ற நேர்க்கோடு. நடுவில் சாய்வான வரிகள்.

கழற்றி வைத்திருந்த மஞ்சள் துணியை எடுத்தார். பழைய மெல்லிய பருத்தி. கையில் சுருட்டினால் கயிறுபோல ஆயிற்று. சாய்வரி எதுவும் இல்லை.

வெளியே பங்காரு பீடியை அணைத்தார். "சார், இன்ஸ்பெக்டர் ஐயா சொல்லி அனுப்பிச்சாரு. திருவிழா நாளு, விபத்துன்னு எழுதி முடிச்சுடச் சொன்னாரு."

"எழுதலாம். சாயங்காலம்."

"சாயங்காலம்னா அந்தப் பொம்பள ரயிலேறிடும் சார்."

"எந்தப் பொம்பளை?"

"செத்தவரு சம்சாரம். சத்திரத்துல ஒரே ரகளை."

*

குடும்பம் தங்கியிருந்த சத்திரம் கீழே பஜார் ஓரத்தில் இருந்தது. பெண்களும் உறவுக்காரர்களும் முதல் நாள் மாலையே பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள்.

தாய் ஞானம்மாள் நடுக்கூடத்தில் இருந்தாள். சுற்றிலும் உறவுப் பெண்கள். எதிர்ச் சுவரோரம் ஒரு பெண் தனியாக. அவளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே நான்கு பேர் படுக்கிற இடம் காலியாகக் கிடந்தது. மணவாளனுக்கு அந்த உட்காரல் தெரியும். போன வருஷம் தன் வீட்டில் ஒரு சாவின்போது அவரும் அப்படித்தான் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார் கேக்கப் போற?" என்றாள் ஞானம்மாள். "காவடி தூக்கினவன் மலையில சாவறதுன்னா இன்னா அர்த்தம்? சாமி ஏத்துக்கல. வீட்டுப் பொம்பள விரதம் கெட்டுச்சுன்னு அர்த்தம். கப்பல்ல வந்தவ. இன்னாத்த துன்னாளோ, எதைத் தொட்டாளோ."

"நான் எதுவும் சாப்பிடலை அத்தை" என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. பலமுறை சொல்லித் தேய்ந்த குரல்.

"பேசாத! எம் புள்ளை மொகத்துல நீ முழிக்கக் கூடாது. சாயங்கால வண்டியில அனுப்பிடறோம் சார். மெட்ராஸ்ல யாரோ சித்தி கீறாளாம். கொள்ளி வெக்கற நேரத்துல இவ இந்த ஊர்லயே இருக்கக் கூடாது."

மணவாளன் சுவரோரம் இருந்த மருமகள் சுலோச்சனாவைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். கிணற்றடியில் நின்று பேசினார்கள்.

"அவருக்கு நடந்து பழக்கமா?"

"இல்லை. வாசலுக்கு வரவும் செருப்பு வேணும் அவருக்கு. ஆனா அத்தைக்கு வாக்குக் கொடுத்தாரு. என்னையும் பூசைக்காரர் சொன்ன மாதிரியே விரதம் இருக்கச் சொன்னாரு. இருந்தேன். யாரும் நம்பலை." கொஞ்சம் நிறுத்தினாள். "கடைசியா ஒரு தரம் பாக்கவாவது விடச் சொல்லுங்க சார்."

"வீட்டில் வண்டி ஏதாவது இருக்கா?"

"கார் இருக்கு. அங்கேருந்து கப்பல்ல வந்தது. சின்னது. பரந்தாமன் தம்பிக்கு இப்பத்தான் ஓட்டக் கத்துக்கொடுத்தாரு. லைசென்ஸ் இன்னும் வரலை. பெல்ட் போட மாட்டேங்கறான்னு அவனோட தினம் சண்டை."

"பெல்ட்டா?"

"சீட்டோடயே இருக்கும் சார். எங்க சிநேகிதர் ஒருத்தர் விபத்துல கண்ணாடியை உடைச்சுகிட்டு வெளியே போய் விழுந்தாரு. அதுலேருந்து இவர் பெல்ட் இல்லாம உட்காரவே மாட்டாரு. தெரு முனைக்குப் போனாலும் போடணும். நான் பக்கத்து சீட்டுல உக்காருவேன். எனக்கும் அவரே மாட்டி விடுவாரு. இப்படி." அவள் விரல் இடது தோளில் தொடங்கி வலது இடுப்பில் முடிந்தது. பிறகு அடிவயிற்றின் குறுக்கே போனது.

மணவாளன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் பரந்தாமன் நின்றிருந்தான். அவனுக்கு இருமல் வந்தது. இருமும்போது விலாவைக் கையால் அழுத்திக்கொண்டான். முகம் சுருங்கியது.

"சளியா?"

"ராத்திரிப் பனி சார்."

"ஆடி மாசத்துல பனியாம்" என்றார் பங்காரு, ஜீப்பில் ஏறிய பிறகு. "ஆஸ்பத்திரியில அண்ணன் கால்ல சொந்தக்காரங்க எல்லாரும் வுழுந்தாங்க. இவன் மட்டும் மரமாட்டம் நின்னுகினு இருந்தான். கூடப் பொறந்தவன் சார்!"

*

பகல் ஒரு மணி. ஆர்.கே.பேட்டை.

பண்டிகை என்பதால் தறிகள் ஓடவில்லை. அந்த ஊரில் தறிச் சத்தம் இல்லாத தெருவில் நடப்பது வேறே ஊரில் நடப்பதுபோல இருந்தது. பரந்தாமனின் தறிக்கூடத்தைத் திறந்துவிட்டது கமலா என்ற வேலைக்காரப் பெண்.

பின்னால், நூல் மூட்டைகளுக்கு அந்தப் பக்கம், கார் போர்வையால் மூடிக் கிடந்தது. மணவாளன் போர்வையை இழுத்தார். முன்பம்பர் நடுவில் உள்வாங்கியிருந்தது. ஒரு விளக்கு இல்லை. மடங்கிய தகரத்தில் சுண்ணாம்புப் பொடி.

"மதகுக் கட்டை" என்றார் பங்காரு. "மலைக்குப் போற வழியில, கண்டிகைக்கு இந்தாண்ட ஒண்ணு வெள்ளையடிச்சு கீது."

மணவாளன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தார். வலது பக்கம். ஸ்டீயரிங் வளையம் ஓரிடத்தில் வளைந்திருந்தது. அந்த சீட்டின் பெல்ட் சுருட்டி, ரப்பர் வளையம் போட்டு, தூசியோடு அப்படியே இருந்தது. யாரும் தொட்டதில்லை.

இடது பக்கம் போனார். அந்தப் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மூன்று விரல் அகலம். இரண்டு பக்கமும் தடித்த கரை. நடுவில் சாய்வரி நெசவு.

அந்த சீட்டின் முதுகு மட்டும் பின்னால் நன்றாகச் சாய்ந்திருந்தது.

அவர் ஏறிப் படுத்தார். பெல்ட்டை மாட்டச் சொன்னார். பங்காரு தேடித் தேடி மாட்டினார்.

"இப்போ என் காலைப் பிடித்து முன்னால் இழுங்க."

"சார்?"

"இழுங்கய்யா."

பங்காரு தயங்கித் தயங்கி இழுத்தார். மணவாளனின் உடம்பு சீட்டில் வழுக்கி இறங்கியது. தோளில் இருந்த வார் மேலேறியது. கழுத்தின் இடது பக்கம், தாடைக்குக் கீழே, வந்து நின்றது. இடுப்பில் இருந்தது அடிவயிற்றில் ஏறியது.

"போதும்" என்றார், மூச்சு முட்ட.

*

மாலை நான்கு மணி. சத்திரத்தின் கூடம்.

சுலோச்சனாவின் தகரப் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. ஜட்காக்காரன் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தான். மணவாளன் எல்லோரையும் உட்காரச் சொன்னார்.

"வரதராஜன் படியில் விழவில்லை. படிக்குக் கொண்டு வந்ததே அவருடைய உடலைத்தான்."

ஞானம்மாள் நிமிர்ந்தாள். "இன்னா சொல்ற நீ?"

"வெறுங்காலில் ராத்திரி முழுக்க நடந்தவர் பாதம் கொப்பளித்திருக்கும். அவர் பாதம் செருப்பிலிருந்து இப்போதுதான் எடுத்தது மாதிரி இருந்தது. பொய்கையில் முழுகியவர் வேட்டி விடியற்காலையில் காய்ந்திருக்காது. அந்தப் படியில் ஏறியவர் கால் மஞ்சளாகாமல் இருக்காது. அவர் நடக்கவும் இல்லை, முழுகவும் இல்லை, ஏறவும் இல்லை. காரில் வந்தார்."

ஜட்காக்காரன் வாசலிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"உடம்பில் இருந்த தடத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். தப்பாகப் பார்த்தோம். இந்த ஊரில், இந்த நாளில், தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே ஒரு தடம் என்றால் காவடித் துணி என்றுதான் யாருக்கும் தோன்றும். அது துணி இல்லை. கார் பெல்ட். மதகில் கார் மோதியதும் வண்டி நின்றுவிட்டது, உடம்பு நிற்கவில்லை. பெல்ட் பிடித்த இரண்டு இடத்தில் மட்டும் மடங்கியது. கழுத்தும் கீழ் முதுகும். அந்த இரண்டு இடத்தில்தான் எலும்பு உடைந்திருக்கிறது."

"அவரே ஓட்டிகினு போயிருந்தா?" என்று கேட்டார் உறவினர் ஒருவர்.

"வலது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு பெல்ட் வலது தோளில் வரும். இது இடது தோள். வலது பக்கம் இருந்தவர் பெல்ட் போடவில்லை. அவர் மார்பு ஸ்டீயரிங்கில் மோதியது. அவரால் குனிய முடியாது. இரும முடியாது. அண்ணன் காலில் விழ முடியாது." மணவாளன் திரும்பினார். "சட்டையைக் கழற்று, பரந்தாமா."

பரந்தாமன் கழற்றவில்லை. கழற்ற வேண்டியிருக்கவும் இல்லை.

"விளக்கில்லாத கட்டை வண்டி சார்" என்றான். "திடீர்னு எதுக்க. ஒடிச்சேன்."

"படிக்கு எப்படிக் கொண்டு வந்தாய்?"

"தோள்ல போட்டுகினு, காவடியை ஒரு கையில புடிச்சுகினு வந்தேன். அப்ப வலி தெரியல. பூசைத் துணியைக் குறுக்க கட்டி வுட்டேன். அருள் வந்து மயங்கிட்டாருன்னு வழி வுட்டாங்க. ஒருத்தர் விபூதி பூசி வுட்டாரு." அவன் விலாவை அழுத்திக்கொண்டான். "காவடி எடுத்தபோது செத்தாருன்னா நல்ல சாவுன்னு நெனச்சேன். கார்ல போய் வேண்டுதலைக் கெடுத்தாருன்னு இருக்க வேணாம்னு நெனச்சேன். அப்புறம் காரை ஊருக்கு ஓட்டிம்போய் கூடத்துல வுட்டுட்டு பஸ்ஸு புடிச்சு ஓடியாந்தேன்."

"அண்ணி மேல் பழி போட்டபோது?" என்றார் மணவாளன்.

பரந்தாமன் சட்டைப் பொத்தானைத் திருகினான்.

"காலையிலிருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்?"

"ஆங்" என்றான். "கேட்டுகினுதான் இருந்தேன்."

ஞானம்மாள் எழுந்தாள். மகன் அருகில் போனாள். அடிப்பாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அடிக்கவில்லை. "நீ இவ்ளோ நாழி பேசாம இருந்தியேடா" என்று மட்டும் சொன்னாள்.

சுலோச்சனா சுவரை விட்டு வந்து நின்றாள். "சார், அந்த பெல்ட்டுதான் அவரைக் கொன்னுதா?"

மணவாளன் பதிலை முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்திருந்தார். "நிமிர்ந்து உட்கார்ந்திருந்தால் அதுதான் அவரைக் காப்பாற்றியிருக்கும். சீட் சாய்ந்திருந்தது. படுத்த உடம்பு அடியில் வழுக்கியது. அதனால்தான் கழுத்துக்கு ஏறியது."

"அவர் சீட்டைச் சாய்க்க மாட்டாரே."

"நான்தான் சாய்ச்சேன் அண்ணி" என்றான் பரந்தாமன். "தூக்கமா வந்துச்சு அவருக்கு. கொஞ்சம் தூங்கட்டும்னு."

தெருவில் ஒரு காவடிக் கூட்டம் மேளத்தோடு கடந்து போனது. அது போனதும் பரந்தாமன் தொடர்ந்தான்.

"நடக்க அவர் தயார்தான். ஏரிக்கரையில காரைக் கொண்டாந்து வெச்சுகினு நான்தான் வழி மறிச்சேன். வேணாம்டா, அம்மாவுக்கு வாக்குன்னாரு. படி ஏறு, அது போதும்னேன். நடந்தா எவ்ளோ நேரம் ஆவுமோ அவ்ளோ நேரம் ஏரிக்கரையிலயே உக்காந்து பேசிகினு இருந்தோம்."

"என்ன பேசினீங்க?" என்றாள் சுலோச்சனா.

"எல்லாந்தான். டூரிங் கொட்டாய்ல கீத்தைப் பிரிச்சுப் படம் பார்த்தது. மாட்டு வண்டிக்குப் பின்னால தொங்கிகினு பள்ளிக்கூடம் போனது. என்னை முதுகுல கட்டிகினு கெணத்துல குதிச்சது. நான் மறந்துட்டதெல்லாம் அவர் வெச்சிருந்தாரு அண்ணி. உங்களைப் பத்தியும் சொன்னாரு. சுலோச்சனாவுக்கு இந்த ஊரை நெறையக் காட்டணும், பொங்கலுக்கு அப்புறம் ஒரு எடம் வுடாம காட்டணும்னாரு. சிரிச்சுகினே இருந்தாரு."

பங்காரு வாசலில் இருந்தபடி கனைத்தார். ஜீப் தயாராக இருந்தது. கவனக்குறைவாக ஓட்டியது, உடலை இடம் மாற்றியது. இரண்டு பிரிவு.

"கொள்ளி?" என்று யாரோ தாழ்ந்த குரலில் கேட்டார்கள். வரதராஜனுக்குக் குழந்தை இல்லை. தம்பிதான் வைக்க வேண்டும்.

"இவன் வெக்கக் கூடாது" என்றாள் ஞானம்மாள். சொல்லிவிட்டு நின்றாள். வேறு யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. கூடத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசியில், அன்று முதல் தடவையாக, மருமகளைப் பார்த்தாள்.

"நீ சொல்லும்மா."

சுலோச்சனா பரந்தாமனைப் பார்த்தாள்.

"வைக்கட்டும் அத்தை" என்றாள். "கடைசி ராத்திரி அவரைச் சிரிக்க வெச்சது இவன்தான். வைக்கட்டும். ஆனா நான் பக்கத்துல நிப்பேன். யாரும் தடுக்கக் கூடாது."

ஞானம்மாள் தலையாட்டினாள்.

மணவாளன் தொப்பியை எடுத்துக்கொண்டார். "சுடுகாட்டுக்கு நாமும் போகிறோம்" என்றார் பங்காருவிடம். "ஸ்டேஷனுக்கு அப்புறம் போகலாம்."